ஓரத்தில் எழுதியிருந்த இரண்டு வரி

அத்தியாயம் ஒன்பது

அமிர்தவல்லிக்கு மருத்துவக் கல்லூரியிலிருந்து கடிதம் வந்து இன்றோடு நான்கு நாள்.

முதலியார்பேட்டையில் மில் வேலைக்காரர்கள் குடியிருக்கும் அந்தத் தெருவுக்கு அப்படி ஒரு கடிதம் அதற்கு முன் வந்ததில்லை. தபால்காரர் அதைக் கையில் கொடுத்துவிட்டு, அவள் பிரித்துப் படிக்கும்வரை சைக்கிளைப் பிடித்தபடி நின்றார். அப்பா பலராமன் அன்று மாலையே தெரு முழுக்கச் சொல்லிவிட்டார். காலேஜில் இடம் கிடைக்காவிட்டால் தை மாதம் கல்யாணம் என்று கடலூர் அத்தை வீட்டில் பேசி வைத்திருந்ததை, மறுநாளே போய் நிறுத்தியும் விட்டார்.

அம்மா கமலவேணி மட்டும் கடிதத்தை வாங்கி, திருப்பிப் பார்த்து, சாமி படத்துக்குப் பின்னால் செருகிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். அம்மாவுக்கு ஏன் சந்தோஷம் வரவில்லை என்று அமிர்தவல்லி நான்கு நாளாக யோசித்துக்கொண்டிருந்தாள்.

கடிதத்தில் இருந்தது இவ்வளவுதான். புதுச்சேரி மாணவர்களுக்கான இடங்களில் ஒன்று அவளுக்கு ஒதுக்கப்பட்டிருக்கிறது. வெள்ளிக்கிழமை மாலை நான்கு மணிக்குள் சான்றிதழ்களோடு வர வேண்டும். வராவிட்டால் இடம் பட்டியலில் அடுத்து இருப்பவருக்குப் போய்விடும். சான்றிதழ் வரிசையில் மூன்றாவதாக இருந்தது: பிறப்புப் பதிவின் முழு நகல், மூன்று மாதத்துக்குள் எடுத்தது.

இன்று வியாழக்கிழமை.

"நாளைக்கு அப்பா லீவு போடறேன்னாரு. அவரோட போயேன்," என்றாள் அம்மா.

"நாளைக்குப் போயி, நாளைக்கே நகல் வாங்கி, நாலு மணிக்குள்ள காலேஜுக்கும் போவ முடியுமாம்மா?"

"பழைய பொறப்புச் சீட்டு இருக்குதில்ல. பள்ளிக்கூடத்துல அதத்தான வாங்கிக்கிட்டாங்க."

"புதுசு கேக்கறாங்க."

"எதுக்குப் புதுசு? நீ என்ன புதுசா பொறந்தியா?"

அம்மா சிரிக்காமல் சொன்னாள். அமிர்தவல்லிதான் சிரித்தாள். பழைய சீட்டை நோட்டுக்குள் வைத்துக்கொண்டு செருப்பை மாட்டினாள்.

ரயில்வே கேட்டைத் தாண்டி, கால்வாயைத் தாண்டினால் தெருக்கள் நேராகிவிடும். கடற்கரைச் சாலையில் வெள்ளைக் கட்டடமாக நிற்கும் நகராட்சி அலுவலகத்துக்கு இந்த ஊரில் இன்னமும் மேரி என்ற பிரெஞ்சுப் பெயர்தான். பிரெஞ்சுக்காரர்கள் போய் இருபது வருடம் ஆகியும் அங்கே பழைய பிறப்பு, இறப்புப் புத்தகங்கள் எல்லாம் பிரெஞ்சில்தான் இருந்தன. அவற்றைப் படித்து நகல் எழுதிக் கொடுப்பவர் ஜானகிராமன். ஓய்வு பெறப் பத்து மாதம் இருந்தது. பியூன் அவரை, ஐயா என்பதற்குப் பிரெஞ்சில் சொல்வதுபோல, முசியே என்று கூப்பிட்டான்.

"யாருக்கும்மா நகலு? உனக்கா, உன் கொழந்தைக்கா?"

"எனக்குத்தான் சார்."

"எதுக்கு?"

"மெடிக்கல் காலேஜுல சேர்றதுக்கு."

அவர் நிமிர்ந்து பார்த்தார். "அப்பா என்ன பண்றாரு?"

"மில்லுல இருக்காரு. ஸ்பின்னிங்ல."

"டேய், அந்த நாற்காலிய இங்க போடு," என்றார் பியூனிடம். "டாக்டரம்மாவ நிக்க வெச்சுட்டு நாம உக்காந்திருந்தா நாளைக்கு ஊசி போடும்போது பழி வாங்கிடுவாங்க."

அவள் உட்கார்ந்தாள். நாற்காலியில் உட்கார வைத்து யாரும் அவளிடம் இதுவரை பேசியதில்லை. கடல் காற்றில் மேஜை மேல் இருந்த தாள்கள் படபடத்தன. அவர் பழைய சீட்டைப் பார்த்து எண்ணைக் குறித்துக்கொண்டு உள்ளே போனார். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தாறாம் வருடப் புத்தகத்தைக் குழந்தையைத் தூக்கி வருவதுபோல இரண்டு கையாலும் ஏந்தி வந்து மேஜையில் வைத்துப் பிரித்தார்.

"இதோ இருக்கு. ஆகஸ்ட்டு பன்னெண்டு, காலைல ஏழரை மணி. பெண் குழந்தை, அமிர்தவல்லி. தகப்பன் பலராமன், மில் தொழிலாளி, வயசு இருபத்தாறு. தாயார் கமலவேணி, வயசு பத்தொம்பது." பிரெஞ்சில் ஒரு தடவை முணுமுணுத்து, தமிழில் ஒரு தடவை உரக்கச் சொன்னார். பிறகு அவர் விரல் பக்கத்தின் இடது ஓரத்துக்குப் போயிற்று. அங்கேயே நின்றது.

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி போட்டுக்கொண்டு பார்த்தார்.

"உங்கூடப் பொறந்தவங்க எத்தன பேரும்மா?"

"நான் ஒருத்திதான் சார்."

"உனக்கு முன்னால யாராச்சும்?"

"இல்ல சார்."

அவர் புத்தகத்தை அவள் பக்கம் திருப்பினார். ஓரத்தில், பொடி எழுத்தில், வேறு மையில் இரண்டு வரி இருந்தது. அவளுக்குப் பிரெஞ்சு தெரியாது. எண்கள் மட்டும் தெரிந்தன. ஒரு மூன்று. ஒரு ஐம்பத்தேழு.

"இந்தப் புக்குல ஒரு மனுசனுக்கு ஒரு பக்கம்," என்றார் ஜானகிராமன் மெதுவாக. "கல்யாணம் ஆனா அந்த ஓரத்துல எழுதுவோம். செத்தாலும் அங்கதான் எழுதுவோம். தெசெதேன்னு போட்டிருக்கு பாரு. இறந்துபோச்சுன்னு அர்த்தம். அம்பத்தேழு, மே மாசம் மூணாந்தேதி."

"யாரு சார்?"

"இந்தக் கொழந்ததாம்மா."

பியூன் கையில் இருந்த காகிதக் கட்டைக் கீழே வைத்துவிட்டு வெளியே போனான்.

"என்கிட்ட சீட்டு இருக்கே சார். அதுல இப்பிடி ஒண்ணும் இல்லியே."

"அத எடுத்த தேதியப் பாரு. செப்டம்பர் அம்பத்தாறு. அப்ப அந்தக் கொழந்த உசுரோட இருந்துச்சு."

அந்தச் சீட்டைப் பள்ளியில் கொடுத்தபோதும், எஸ்.எஸ்.எல்.சி.க்குக் கொடுத்தபோதும், பி.யு.சி.க்குக் கொடுத்தபோதும் அவள் பார்த்திருக்கிறாள். பெயரைப் பார்த்தாள். அப்பா பெயரைப் பார்த்தாள். நகல் எடுத்த தேதியை ஒருவரும் பார்த்ததில்லை.

அவர் ஐம்பத்தேழு, ஐம்பத்தெட்டு, ஐம்பத்தொன்பது மூன்று வருடத்துப் புத்தகங்களையும் எடுத்து வந்து பார்த்தார். அரை மணி நேரம் ஆயிற்று. பலராமனுக்கும் கமலவேணிக்கும் வேறு குழந்தை எந்தப் புத்தகத்திலும் இல்லை.

"நகல் எழுதினா அந்த ரெண்டு வரியையும் எழுதித்தான் ஆவணும். விட்டுட்டு எழுத எனக்கு அதிகாரம் கெடையாது." அவர் அவள் முகத்தைப் பார்க்காமல் பேனா மூடியைக் கழற்றினார். "எழுதட்டுமாம்மா?"

"எழுதிக் குடுங்க சார்."

தான் செத்துப்போனதாகச் சொல்லும் தாளை மடித்து நோட்டுக்குள் வைத்துக்கொண்டு அவள் வெளியே வந்தாள். வெயிலில் கண் கூசியது. காலேஜ் அலுவலகத்துக்கு நாளை மாலை நான்கு மணிவரை நேரம் இருந்தது.

மில் வாசலில் காவலாளி நாராயணசாமி ஸ்டூலில் உட்கார்ந்து முழங்காலைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"வாங்க டாக்டரம்மா. இந்த முட்டிக்கு ஒரு மருந்து எழுதிக் குடுத்துட்டு அப்பறம் அப்பனப் பாரு."

"இன்னும் சேரவே இல்ல மாமா."

"சேந்தா மறந்துடுவ. அதான் இப்பவே சொல்லி வெக்கறேன்."

டிபன் சங்கு ஊதியதும் பலராமன் வந்தார். புருவத்திலும் காது மடலிலும் பஞ்சு ஒட்டியிருந்தது. அவளைப் பார்த்ததும் சிரித்துக்கொண்டே வந்தவர், பக்கத்தில் வந்ததும் சிரிப்பை விட்டார்.

"என்னா பாப்பா? நகலு கெடைக்கலியா?"

"கெடச்சுது. அப்பா, எனக்கு முன்னால ஒரு பொண்ணு இருந்துச்சா?"

பலராமன் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். நிதானமாகத் துடைத்தார். சைக்கிள்கள் நிறுத்தும் கட்டைச் சுவரில் உட்கார்ந்தார். அவளும் உட்கார்ந்தாள்.

"அங்க எழுதியா இருக்குது?"

"ஓரத்துல இருக்கு."

"அதுக்குத் தனிப் புக்கு இருந்துச்சே. சாவுக்குன்னு. நான்தான் கூட நின்னு எழுதினேன். இதுலயும் எழுதுவான்னு எனக்கு யாரும் சொல்லல." அவருக்கு அதுதான் முதலில் தோன்றியது. பிறகு, "ஒம்பது மாசத்துக் கொழந்த. மூணு நாளு சொரம். நாலாம் நாளு இல்ல," என்றார்.

"அதுக்கும் எம்பேரா?"

"அது பேரத்தான் உனக்கு வெச்சோம். உங்கம்மா வேற பேரு வெக்க விடல. அவளே திரும்பி வந்துட்டா, அவளுக்கு எதுக்கு வேற பேருன்னுட்டா."

உள்ளே இயந்திரங்கள் ஓடும் சத்தம் சுவர் வழியாக முதுகில் தெரிந்தது.

"என் பொறப்ப ஏம்ப்பா எழுதல?"

"நீ உங்கம்மா ஊருல பொறந்த. கனகசெட்டிக்குளத்துல. அப்ப மில்லு மூடிக் கெடந்துச்சு. நான் விழுப்புரம் பக்கம் கல்லு ஒடைக்கப் போயிருந்தேன். தகவல் வந்து, நான் வந்து சேந்தப்ப பதினாறு நாளு ஆயிடுச்சு. எழுதப் போனா, கெடு தாண்டிடுச்சு, கோர்ட்டுக்குப் போன்னுட்டான். கோர்ட்டுக்கு எங்க போறது, அன்னிக்குச் சோத்துக்கே வழியில்ல. அப்பறம் உன்னப் பள்ளிக்கூடத்துல சேக்கறப்ப சீட்டு கேட்டாங்க. வீட்டுல சீட்டு இருந்துச்சு. பேரு ஒண்ணு. அப்பன் ஆத்தா ஒண்ணு. குடுத்தேன்." துண்டைத் தோளில் போட்டுக்கொண்டார். "எனக்கு அது பொய்யின்னே தெரியல பாப்பா. உங்கம்மாவுக்கு அது நெசம். இப்பவும் நெசம்."

அமிர்தவல்லி கையை நீட்டினாள். அவர் காதில் இருந்த பஞ்சை எடுத்துவிட்டாள். பலராமன் எழுந்து உள்ளே போய், மேஸ்திரியிடம் சொல்லிவிட்டு, சட்டையை மாட்டிக்கொண்டு வந்தார்.

"என்னா பலராமா, பாதியில கெளம்பிட்ட?" என்றார் நாராயணசாமி.

"காலேஜு வேலை அண்ணே."

"அப்ப போ, போ. அதுக்கு மேல என்னா வேலை."

கோர்ட்டுக்கு எதிரே ஒரு வீட்டு வராந்தாவில் டைப் மிஷினோடு உட்கார்ந்திருக்கும் தணிகாசலம் மனு எழுதுவதில் பேர்போனவர். நகலை வாங்கிப் படித்தார். அவருக்குப் பிரெஞ்சு தெரியும். அமிர்தவல்லியை மேலும் கீழும் பார்த்தார்.

"செத்தவங்களுக்காக மனு எழுதியிருக்கேன். செத்தவங்களே நேர்ல வந்து எழுதச் சொல்றது இதான் மொதத் தடவ."

பலராமன் முகம் சுருங்கிற்று.

"கோச்சுக்காத பலராமா. சிரிக்காம இந்த வேலையச் செய்ய முடியாது. உக்காரு. பொண்ணு உக்காரும்மா."

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு விரல் விட்டு எண்ணிச் சொன்னார். கோர்ட்டில் மனுப் போட வேண்டும். தீர்ப்பு வர இரண்டு மூன்று மாதம் ஆகும். தீர்ப்பு வந்ததும் அவள் பிறப்பைப் புத்தகத்தில் எழுதுவார்கள். அதற்குள் காலேஜ் கெடு போய்விடும். ஆனால் மனுப் போட்டதற்கான நம்பரை நாளைக்கே கொண்டுபோய்க் காட்டினால் இடத்தை நிறுத்தி வைத்தாலும் வைப்பார்கள்.

"வைக்காட்டி?" என்றார் பலராமன்.

"வைக்காட்டி இல்ல."

"ஒண்ணு கேக்கறேன் தப்பா நெனைக்காத. பழைய சீட்டையே அப்பிடியே குடுத்துட்டா? இத்தினி நாளு ஓடிச்சே."

"குடு. பாக்கறவன் பாக்காம வாங்கிக்கிட்டான்னே வெச்சுக்க. வெயிட்டிங் லிஸ்டுல அடுத்து இருக்கறவன் சும்மா இருப்பானா? ரெண்டு வருஷம் கழிச்சு ஒரு மொட்டக் கடுதாசி போடுவான். பாதிப் படிப்புல பொண்ண வெளிய அனுப்புவாங்க. உம்மேல கேசும் வரும்."

அமிர்தவல்லி சொன்னாள்: "மனுவே எழுதுங்க சார்."

"எழுதறேன். ஆனா நான் எழுதினா போதாது. பெத்த தாயாரு வந்து சத்தியம் பண்ணிக் கையெழுத்துப் போடணும். மொதக் கொழந்த இந்தத் தேதியில எறந்துபோச்சு, ரெண்டாவது கொழந்த இந்தத் தேதியில பொறந்துச்சு, இது வேற, அது வேறன்னு. நாளைக்குக் காலைல பத்து மணிக்கு இங்க இருக்கணும்." மிஷினில் தாளைச் செருகினார். "ரெண்டாவது கொழந்த பொறந்த தேதி சொல்லு."

பலராமன் துண்டைத் தோளிலிருந்து எடுத்து மடித்தார்.

"மில்லு மூடியிருந்த வருஷம்."

"ரெண்டு தடவ மூடினாங்களே. அம்பத்தெட்டுலயா, அம்பத்தொம்பதுலயா?"

"அம்பத்தெட்டாத்தான் இருக்கும்."

"இருக்கும்னு கோர்ட்டுல எழுத முடியாது."

அமிர்தவல்லி அப்பாவைப் பார்த்தாள். விண்ணப்பத்தில் இருந்த விதி அவளுக்கு மனப்பாடம். எழுபத்தைந்து டிசம்பர் கடைசியில் பதினேழு வயது முடிந்திருக்க வேண்டும். ஐம்பத்தெட்டில் பிறந்திருந்தால் முடிந்திருக்கும். ஐம்பத்தொன்பது என்றால் முடிந்திருக்காது. அப்படியானால் மனுவும் நம்பரும் இருந்தும் பயனில்லை.

முதல் வகுப்பிலிருந்து அவள்தான் வகுப்பிலேயே குள்ளம். எல்லா வருடமும் முதல் பெஞ்சு. டீச்சர்கள் எல்லாரும், வயசுக்கு வளத்தி இல்ல, நல்லா சாப்பிடச் சொல்லு என்று அம்மாவுக்குச் சொல்லி அனுப்புவார்கள். அது அவள் ஞாபகத்துக்கு வந்தது. அவள் அதை யாரிடமும் சொல்லவில்லை.

தணிகாசலம் இரண்டு குழந்தைகளைப் பற்றியும் தாயார் சொல்வதை எழுத இடம் விட்டு மனுவை அடித்து முடித்து அவள் கையில் கொடுத்தார். "தாயாருக்குத் தெரியும். பெத்தவங்களுக்குத் தெரியாம இருக்குமா? கேட்டு எழுதிட்டு வா."

கமலவேணி முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். ஷிப்டு முடியாத நேரத்தில் இரண்டு பேரும் சேர்ந்து வருவதைப் பார்த்தாள். அவள் கை நிற்கவில்லை.

"சாப்ட்டீங்களா?"

"இல்ல," என்றார் பலராமன்.

சோறு போட்டாள். இரண்டு பேரும் சாப்பிட்டார்கள். கை கழுவிவிட்டு வந்த அமிர்தவல்லி நோட்டிலிருந்து நகலை எடுத்து அம்மாவின் முன்னால் வைத்தாள்.

"மடிச்சு வை அத," என்றாள் கமலவேணி.

"உனக்குத் தெரியுமாம்மா, என்னா எழுதியிருக்குன்னு?"

"எனக்குப் படிக்கத் தெரியாது. ஆனா தெரியும். புதுசா எடுக்கணும்னு அன்னிக்கு நீ கடுதாசியப் படிச்சியே, அதான் வாங்கி சாமி படத்துக்குப் பின்னால செருகினேன்."

நான்கு நாளாக யோசித்ததற்குப் பதில் இதுதானா என்று அமிர்தவல்லி நினைத்தாள்.

பலராமன் தணிகாசலம் சொன்னதை எல்லாம் சொன்னார். கமலவேணி கீரைக் காம்புகளைத் தனியாக ஒதுக்கியபடி கேட்டாள். கடைசியில் தலையை ஆட்டினாள்.

"நான் சொல்ல மாட்டேன்."

"கமலா, பொண்ணு படிப்பு."

"செத்துட்டான்னு நான் சொல்ல மாட்டேங்க. நீங்க சொன்னீங்க, எழுதினீங்க, பொதச்சீங்க. நான் சொன்னேனா? மண்ணுல வெக்கறதுக்கு முன்னால நான்தான் அவ எடது குதிகாலுல மை வெச்சு உட்டேன். திரும்பி வந்தா எனக்குத் தெரியணும்னு. வந்தா. அதே குதிகாலு, அதே எடம், அதே கறுப்பு." அவள் மகளின் காலைப் பார்த்துச் சொன்னாள். "எனக்கும் அவளுக்கும் இருக்கறத கோர்ட்டு கச்சேரியில வந்து எதுக்குச் சொல்லணும்?"

அமிர்தவல்லி காலைப் பாவாடைக்குள் இழுத்துக்கொண்டாள். அந்த மச்சம் ஏன் வருகிறது, எந்த நிறமி என்று அவளுக்குத் தெரியும். போன வருடம்தான் படித்திருந்தாள். அம்மாவிடம் அதைச் சொல்ல முடியும். சொல்லவில்லை.

"அஞ்சாங்கிளாஸ்ல அம்மை வந்து கெடந்தனே, அது யாரும்மா?"

"நீதான்."

"பி.யு.சி.யில கணக்குல மார்க் கொறஞ்சிடுச்சுன்னு மூணு நாளு அழுதது?"

"நீதான்டி. வேற யாரு?"

"அவ அழுவலியே. அவளுக்கு ஒம்பது மாசந்தான. அழுதது நான்." அமிர்தவல்லியின் குரல் உயரவில்லை. "நான் ஒருத்தி இருக்கறேன்னு யாராச்சும் எழுதிக் குடுத்தாத்தாம்மா என்ன உள்ள விடுவாங்க. நீ சொல்லலன்னா நான் யாருக்கும் இல்ல."

கமலவேணி முறத்தைத் தள்ளி வைத்தாள். தெருவைப் பார்த்தாள். தெருக் குழாயில் தண்ணீர் வரும் நேரம், குடங்கள் வரிசையில் நின்றன. அவள் குடம் போய் நிற்கவில்லை.

"எழுது," என்றாள்.

அமிர்தவல்லி மனுவைத் தரையில் விரித்துப் பேனாவை எடுத்தாள்.

"ஞாயித்துக்கெழம பொறந்தா. காலைல. கோயில் மணி அடிச்சுது, அடிச்சு முடியறதுக்குள்ள பொறந்துட்டா. பொறந்தப்பவே தலையில நெறைய முடி. போனது வெள்ளிக்கெழம. பதினோரு மணி வெயிலு. கொடியில அவ துணி காஞ்சிக்கிட்டு இருந்துச்சு, ஆறு துணி, நான் எடுக்கவே இல்ல. மறுநாளும் அது அப்பிடியே கெடந்துச்சு." அம்மா ஒரு தடவையும் தடுமாறவில்லை. பதினெட்டு வருடமாக ஒருவரிடமும் சொல்லாதது வரிசையாக வந்தது. "போதுமா?"

"போதும்மா." அவள் எழுதிக்கொண்டாள். "ரெண்டாவது கொழந்த பொறந்த தேதி கேக்கறாங்க."

"ஆகஸ்ட்டு பன்னெண்டு."

அமிர்தவல்லி எழுதப் போனவள் நிறுத்தினாள். பலராமன் நிமிர்ந்து பார்த்தார்.

"அது அவ தேதிம்மா."

கமலவேணி முறத்தை மறுபடி இழுத்து வைத்துக்கொண்டாள். ஒவ்வொரு வருடமும் ஆகஸ்ட் பன்னிரண்டாம் தேதி அந்த வீட்டில் பாயசம் உண்டு. புதுத் துணி இல்லாத வருடத்திலும் பாயசம் உண்டு. முதல் டம்ளர் அமிர்தவல்லிக்கு. பதினாறு வருடமோ பதினேழு வருடமோ அவள் அதைக் குடித்திருக்கிறாள்.

"நான் என்னிக்குப் பொறந்தேன்?"

"அது வந்து..."

"வெயில் காலமா, மழையா?"

அம்மாவின் கண்கள் எதையோ தேடின. விரல்களை மடக்கினாள், பிரித்தாள். கணவனைப் பார்த்தாள். அவருக்கும் தெரியாது.

"மாசமாச்சும்?"

"தெரியலடி," என்றாள் கமலவேணி. "உன்ன எங்கையில குடுத்ததும் குதிகாலத்தான் திருப்பிப் பாத்தேன். அது இருந்துச்சு. அப்பறம் வேற ஒண்ணையும் நான் பாக்கல."

தெருவில் குடங்கள் நிரம்பி, வரிசை கரைந்து, குழாயில் காற்று மட்டும் சீறியது. பலராமன் இரண்டு தடவை எழுந்து வாசல்வரை போய்விட்டுத் திரும்பி வந்தார். அமிர்தவல்லி அழவில்லை. அழுதால் அது அம்மாவைக் குற்றம் சொல்வதாக ஆகிவிடும் என்று இருந்தது.

கமலவேணி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்: "கனகசெட்டிக்குளத்துக்கு மொத பஸ்ஸு எத்தன மணிக்கு?"

"அஞ்சேகாலு," என்றார் பலராமன்.

"மருத்துவச்சி கொளஞ்சிதான் இவள எடுத்தா. எந்தக் கொழந்தய எந்த வருஷம் எடுத்தான்னு அவளுக்குத் தெரியும். அந்த ஊருல அவ எடுக்காத புள்ள இல்ல."

"கொளஞ்சி இருக்காளா இன்னும்? உங்க அம்மா போனதுல இருந்து நாம அந்தப் பக்கமே போவலியே."

கமலவேணி ஒட்டியிருந்த காம்புகளைக் கையிலிருந்து உதறினாள். எழுந்து, கீரையை அப்படியே விட்டுவிட்டு, கொடியில் கிடந்த சேலையை எடுத்து மடிக்க ஆரம்பித்தாள். பாதி மடிப்பில் நின்றாள்.

"நீயும் வா," என்றாள் மகளைப் பார்க்காமல். "நான் தனியா போனா மூத்தவளப் பத்தியே பேசிட்டு வந்துடுவேன்."

மூத்தவள். அந்த வீட்டில் அதுவரை யாரும் சொல்லாத சொல். சொன்னவளே அதைக் கேட்டதுபோல ஒரு கணம் அசையாமல் நின்றாள். பிறகு சேலையை மடித்து முடித்தாள்.

அமிர்தவல்லி மனுவை எடுத்தாள். முதல் குழந்தைக்கான இடம் முழுவதும் நிரம்பியிருந்தது. அதற்குக் கீழே அவளுக்கான இடத்தில் பேனா தொட்ட ஒரு புள்ளி மட்டும் இருந்தது. பஸ் போய்ச் சேர ஆறு மணிக்கு மேல் ஆகும். கொளஞ்சி உயிரோடு இருந்து, ஐம்பத்தெட்டு என்று சொல்லி, திரும்பி வந்து பத்து மணிக்குத் தணிகாசலத்தின் முன்னால் உட்கார வேண்டும்.

ஐம்பத்தொன்பது என்று சொன்னால், சத்தியம் பண்ணும் இடத்தில் அம்மா எந்த வருடத்தைச் சொல்ல வேண்டும் என்று அவர்கள் மூன்று பேரில் ஒருவரும் அன்று பேசவில்லை.